பைல் அட்டை மிருகங்கள்

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. காகிதத்தைக் கையில் திணித்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விடுகிறவர்கள் ஒரு ரகம். மெஷின் பக்கத்திலேயே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். மாமி இரண்டிலும் சேராதவர். அசலையும் நகலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்ப்பார். ஒரு சின்னக் கோடு விழாமல் போயிருந்தால் போதும். "பிள்ளைவாள், இதுல ஒரு விரலைக் காணலையே" என்பார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாகர்கோவில் பக்கமிருந்து வந்து, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பதைத் தொடப்போகிற ஒரு அம்மாள் என்னைப் பிள்ளைவாள் என்று கூப்பிட்டது கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. நானும் பதிலுக்கு மாமி என்றேன். அதோடு சரி. பத்து வருஷப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

காணாமல் போன விரல் யாருடையது என்று கேட்பீர்கள். பல கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு மிருகத்தினுடையது. முதல்நாள் வந்தபோதே கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த ஒரு படத்தைத்தான் நீட்டினார். நீளக் கழுத்து, நீள வால், நடுவில் நெல்குதிர் போல வயிறு.

"இதை மூணு மடங்கு பெரிசு பண்ணித் தரணும். மெஷின்ல பண்ண முடியுமோன்னோ?"

"ரெண்டு மூணு தாளா எடுத்து ஒட்டிக்கிடலாம் மாமி. இது என்னது, ஒட்டகமா?"

"ஒட்டகத்துக்கு இத்தனை நீளத்துக்கு வால் எங்கேயாக்கும் பாத்தேள்?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் அவரிடம் நான் வாயைக் கொடுத்து ஜெயித்ததே இல்லை.

மாமிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவராகத்தில் அண்ணா வீட்டில் ஒரு அறையில் இருந்தார். ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பஸ் ஏறக் கிழக்கேகோட்டைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பதால் போகும்போதும் வரும்போதும் என் கடை அவருக்கு வழி. இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் இருந்ததாம். இந்த மிருகத்தை மனுஷன் யாரும் பார்த்ததில்லை என்று டீச்சர் சொன்னாராம். "ஆரும் பாக்கலைன்னா இதை வரைஞ்சவன் எப்படி வரைஞ்சான்?" என்று இவர் எழுந்து கேட்க, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கேள்வியோடுதான் அவர் பெஞ்சிலிருந்து இறங்கியிருக்கிறார். பிறகு அதை விடவே இல்லை.

வரைவதோடு நின்றிருந்தால் அண்ணா வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமி உருவமும் செய்வார். நான் பெரிதாக்கிக் கொடுத்த படத்தை வைத்துப் பழைய பைல் அட்டையில் முதுகும் வாலுமாக ஒரு நீள வடிவம் வெட்டுவார். குறுக்கே விலா மாதிரி அட்டைகளைச் செருகுவார். மேலே மலையாளப் பத்திரிகையைப் பட்டை பட்டையாகக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டுவார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். கடைசியில், ஊறவைத்து உரித்த பைல் அட்டைத் தோலால் போர்த்துவார். அந்த அட்டைகள் கிடைத்த கதையே தனி. கழித்துப்போட்ட பைல்களின் அட்டையைத் தனக்குத் தரவேண்டும் என்று அலுவலகத்தில் முறைப்படி மனு எழுதிக் கொடுத்தார். பியூனிடம் சொன்னால் ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்திருப்பான். மாமி ஏழு மாதம் காத்திருந்து, கையெழுத்தும் சீலும் விழுந்த உத்தரவோடுதான் முதல் அட்டையைத் தொட்டார்.

உருவங்களுக்கு வர்ணம் பூசவே மாட்டார். எல்லாம் அந்தப் பழுப்பு நிறத்திலேயே நிற்கும். பார்க்க எனக்குப் பொறுக்காது.

"மாமி, ஒரு பச்சை அடிச்சா என்ன? பல்லி பச்சோந்தி மாதிரிதானே இருந்திருக்கும்?"

"ஆர் பாத்தா?"

"ஒரு உத்தேசமா அடியுங்களேன்."

"உத்தேசமா என்னத்துக்கு? எலும்பு கிடைச்சுது. நிறம் கிடைக்கலை. கிடைக்காததைப் பூசினா அது பொய்யாக்கும், மனசிலாச்சோ?"

இதில் அவர் ஒரு இம்மி விட்டுக்கொடுக்கமாட்டார். கோதாவரிக் கரைப் பக்கம் கிடைத்த ஒரு மிருகத்துக்குத் தலை மட்டும் கிடைக்கவில்லை என்று எங்கோ படித்திருந்தார். நம்ம நாட்டு மிருகம் என்பதில் அவருக்கு ஒரு பாசம். மூன்று மாதம் உட்கார்ந்து செய்தார், தலை இல்லாமல். கழுத்து முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. "தலையில்லாத முண்டத்தை உத்தரத்துல தொங்கவிட்டா ஆத்துல லக்ஷ்மி எப்படித் தங்குவா?" என்று அண்ணா சத்தம் போட்டாராம். மாமி அதை என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, "தலையை நான் எங்கே போய்க் கொண்டுவர?" என்றார்.

கோழி எலும்பு கேட்டதைச் சொல்லாமல் விட்டால் மாமியைச் சொன்னதாகாது. ஒருநாள் சாயங்காலம் கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளைவாள், நீங்க கோழி சாப்பிடுவேளோன்னோ?" என்றார். ஏதோ பாவ புண்ணியம் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை உண்டு மாமி. ஏன்?"

"கால் ரெண்டையும் எலும்பு உடையாம சாப்பிடணும். பாதத்தோட. சாப்பிட்டுட்டு நன்னா வேகவச்சு, காயவச்சு எனக்குத் தரணும்."

இரண்டு காலில் ஓடும் மிருகங்களின் கால் மடிவது பறவைக் கால் மடிவது போலத்தானாம். மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தது போதவில்லை, கையில் எடுத்து மடக்கிப் பார்க்கவேண்டுமாம். ஜென்மத்தில் முட்டை தொடாத மனுஷி. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டே வேகவைத்துக் கொடுத்தாள். பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து எண்ணினார். "வலது கால்ல நுனி எலும்பு ஒண்ணு குறையறதே" என்றார். நான்தான் கடித்துத் துப்பியிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கோழி வாங்கவேண்டியதாயிற்று. அந்த எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் அலுவலக மேஜை இழுப்பறையில் கார்பன் பேப்பர் டப்பாவுக்குள் வைத்திருந்தார். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, அதை எடுத்து மடக்கி மடக்கிப் பார்ப்பாராம்.

அந்தக் கால்களை வைத்துச் செய்ததுதான் கோழி அளவில் ஒரு சின்ன மிருகம். நிஜ அளவிலேயே செய்ய முடிந்தது அது ஒன்றைத்தான். ஒரு காலைத் தூக்கி, கழுத்தைத் திருப்பி நிற்கும். மாமிக்கு எல்லாவற்றிலும் அதன்மேல்தான் உயிர்.

அதற்கு முன்னால் வால் விஷயம் ஒன்று நடந்தது. அவர் ஆரம்பத்தில் பார்த்து வரைந்ததெல்லாம் நூலகத்தில் கிடந்த பழைய கலைக்களஞ்சியத்திலிருந்து. அதில் எல்லா மிருகமும் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்கு ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. பார்க்காத ஆள் பாக்கியில்லை. நான் மாமியைச் சீண்டினேன்.

"உங்க ஆளுகளெல்லாம் சினிமாவுல வந்தாச்சே மாமி. ஆனா ஒண்ணுகூட வாலை இழுக்கல்ல. பின்னால நீட்டிக்கிட்டுல்லா ஓடுது."

"சினிமாக்காரன் போய்ப் பாத்தானோ?"

சொல்லிவிட்டாரே ஒழிய, முகம் சரியில்லை. மூன்று வாரம் நூலகத்தில் பழியாகக் கிடந்தார். பிறகு ஒரு புத்தகத்தோடு வந்தார். கல்லில் பதிந்த காலடித் தடங்களின் படம். அதை நகலெடுக்கச் சொல்லி, விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்கோ. காலடி இருக்கு. வால் இழுத்த கோடு எங்கேயாவது இருக்கோ? இல்லை. அப்போ வால் தரையில படலை." சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டது தனக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு உருவங்களையும் இறக்கி, கொல்லைப்புறத்து அண்டாவில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டார். இரண்டு நாளில் எல்லாம் கூழாகிவிட்டது. அந்தக் கூழைப் பிழிந்துதான் அடுத்த மிருகத்துக்கு உடம்பு.

"வாலை மட்டும் தூக்கி ஒட்டியிருக்கலாமே மாமி!"

"வாலைத் தூக்கினா முதுகு மாறும். முதுகு மாறினா கழுத்து நிக்காது. எல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சிண்டிருக்கு, கேட்டேளா?"

"அஞ்சாறு வருஷ வேலை போச்சே!"

"தப்புன்னு தெரிஞ்சுதே. சந்தோஷப்படணுமாக்கும்."

நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார். இரண்டரை வருஷம் இரவல் புத்தகமும் பைல் அட்டையுமாக அலைந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். நாற்பது உருவங்கள். அந்த நாட்களில் யார் என் கடைக்கு என்ன நகலெடுக்கக் கொண்டுவந்தாலும், அதில் இந்த மிருகங்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும், கேட்டுக்கொண்டு மாமிக்கென்று ஒரு பிரதி கூட எடுத்துவைப்பேன். காலேஜ் வாத்தியார்கள், படிக்கிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் சரி. மாமி பணம் நீட்டினால் வாங்கமாட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு உருவத்தின் வயிற்றுக்கடியிலும், எந்தத் தாளைப் பார்த்துச் செய்தது என்று எழுதும் இடத்தில், "பிள்ளைவாள் கொடுத்தது" என்று சின்னதாக எழுதிவைத்தார்.

எப்போது என்று சரியாக ஞாபகம் இல்லை. ஒருநாள் நான் கொடுத்த நகலை வாங்கி, விளக்கில் தூக்கிப் பிடிக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார். "பாக்கலியா மாமி?" என்றேன். "உம்ம கையில இருந்து வர்றதைப் பாக்கணுமோ?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவளுக்கு அதில் என்ன பெருமை என்று புரியவில்லை.

அந்த வருஷம் மாமியின் அண்ணா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஓணம் கழிந்து முகூர்த்தம். வருகிற பெண்ணுக்கு மாமியின் அறையை ஒழித்துக் கொடுக்கவேண்டும். மாமிக்குச் சமையலறையை ஒட்டின சாமான் அறை. அதில் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். நாற்பது மிருகங்களுக்கு இடம் கிடையாது. "அட்டையையெல்லாம் எடைக்குப் போட்டுடு" என்று அண்ணா சொல்லியாகிவிட்டது. அதை மாமியே வந்து என்னிடம் சொன்னார். பத்து வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். குழந்தைகள் வந்து பார்க்கிற மாதிரி எங்காவது ஒரு மூலையில் அவை இருந்தால் போதும் என்றார். வேறொன்றும் வேண்டாம் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? கரமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ் பரீட்சைத் தாள்களை என் கடையில்தான் எடுப்பார். அவரிடம் பேசினேன். ஸ்ரீவராகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மாள் அசந்துபோய்விட்டார். சயன்ஸ் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, சாவி மாமியிடமே, என்றைக்கும் அங்கேயே இருக்கலாம் என்றார். ஓணத்துக்கு முந்தின வாரம் பள்ளியில் கண்காட்சி, அதோடு அலமாரி திறப்பு. மாமி அன்று ராத்திரி தூங்கவே இல்லையாம்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலேஜ் புரொபசர் வந்தார். விலங்கியல் வாத்தியார், பழக்கமானவர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து நாலு பக்கம் எடுக்கச் சொன்னார். வழக்கம்போல ஒரு பிரதி கூட எடுத்தேன். "ஆருக்கா?" என்று கேட்டார். ஒரு மாமி இந்த மிருகங்களைப் பேப்பரில் செய்கிறார், அவருக்கு என்றேன். சந்தோஷப்பட்டுப் போனார். அவர் போனபிறகு பிரதியை எடுத்துப் பார்த்தேன். சீனாவில் கிடைத்த கல். அதில் கோழி அளவுக்கு ஒரு மிருகம், கால் மடிந்து கிடக்கிறது. முதுகு நெடுக, வால் நெடுக, கறுப்பாகப் பிசிறு பிசிறாக ஏதோ படிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். இறகு என்றிருந்தது. இதன் சொந்தக்கார மிருகங்கள் பலதுக்கும் இறகு இருந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது.

மாமியின் நாற்பதில் ஒன்பது அந்த வகை. எல்லாம் வழவழவென்று தோலோடு நின்றன. அந்தக் கோழி அளவுள்ளதும் அதில் சேர்த்தி. இந்தத் தாள் மாமி கைக்குப் போனால் அண்டாவில் தண்ணீர் ஏறிவிடும். கண்காட்சி போகும், அலமாரி போகும், ஓணம் கழிந்தால் அறையும் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். பத்தே நாள் மறைத்தால் போதும், எல்லாம் கண்ணாடிக்குள் ஏறிய பிறகு கொடுத்துவிடலாம், அப்புறம் மெதுவாக மாற்றிக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன். தாளை இழுப்பறையில், பழைய பில் கட்டுகளுக்கு அடியில் வைத்தேன். அன்று சாயங்காலம் மாமி வந்து, "புதுசா ஏதாவது வந்துதோ?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல மாமி" என்றேன். என்னமாய் வந்தது அந்தப் பொய், தங்குதடை இல்லாமல்.

கண்காட்சி அன்று மாமி கஞ்சி போட்ட புடவை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தார். ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னால் மலையாளத்தில் ஒரு அட்டை. தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று இரண்டு பத்தி. ஒரு பொடிப்பெண் அந்தத் தலையில்லாததன் முன்னால் நின்று, "இதின்றெ தல எவிடே?" என்று கேட்டது. "கிட்டியில்ல மோளே. நீ வளர்ந்து தேடி எடுக்கணும்" என்றார் மாமி. அந்தப் பெண் தலையை ஆட்டியது. அப்போது மாமியின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அந்த அரைமணி நேரம் அவருக்குக் கிடைத்ததே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

திறந்துவைக்க வந்த தலைமை விருந்தினர் அந்தப் புரொபசர்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் யாரை அழைத்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. நல்ல மனுஷர், மனதாரப் புகழ்ந்தார். பிறகு அந்தக் கோழி அளவு மிருகத்தைக் கையில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, சீனாவில் கிடைத்த இறகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்து மாமியைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் அந்தக் கட்டுரையைப் பார்த்திருப்பீர்களே, கடைக்காரர் உங்களுக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்தாரே" என்று மலையாளத்தில் கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அதைவிடத் தெளிவாக நான் ஒப்புக்கொண்டிருக்க முடியாது.

"கண்டு" என்றார் மாமி. பார்த்தேன் என்று.

புரொபசருக்கு ஆச்சரியம். பார்த்துமா இதை இப்படியே வைத்திருக்கிறீர்கள் என்றார்.

"சமயம் கிட்டியில்ல" என்றார் மாமி. நேரம் கிடைக்கவில்லையாம்.

புரொபசர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, சயன்ஸ் படிக்கிறவர்களுக்குச் சோம்பல் மட்டும் கூடாது, கேட்டோ, என்று தமாஷாகச் சொன்னார். பெற்றோர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். ஏழு மாதம் காத்திருந்து பைல் அட்டை வாங்கின மாமி, நாற்பது மிருகங்களுக்கு நடுவில் சோம்பேறியாக நின்றுகொண்டிருந்தார். எனக்காக ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஒரு மாதம் தவணை கேட்டார், அந்த ஒன்பதையும் சரிசெய்ய. அந்த அம்மாள், "சாரமில்லா, பரவாயில்லை, குழந்தைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, அப்படியே இருக்கட்டும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் செய்ததற்கும் அதுதானே பெயர்.

மறுநாள் காலை மாமி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் இழுப்பறையிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்து நீட்டினேன். வாங்கி முழுக்கப் படித்தார். கறுப்புப் பிசிறு இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது ஒண்ணுதானா?"

"என்ன மாமி?"

"என் கையில தராம வச்சது. இது ஒண்ணுதானா, இன்னும் உண்டோ?"

"சத்தியமா இது ஒண்ணுதான் மாமி. அலமாரி போயிரக்கூடாதேன்னுதான். உங்க நல்லதுக்குத்தான் செய்தேன்."

"அது தெரியும். நீங்க கெட்டது நினைக்கமாட்டேள். ஆனா பத்து வருஷமா எனக்கு வந்ததெல்லாம் உம்ம வழியாத்தானே வந்தது. எது வந்தது, எது வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்கோ."

கோபமாகக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார். அவர் கேட்டது நியாயம். என் சத்தியத்தைத் தவிர என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. நிற்காத வாக்கை வைத்துக்கொண்டு அவர் எந்த மிருகத்தின் வயிற்றில் என்ன எழுதுவார்?

ஒன்பதை மட்டும் எடுப்பார் என்று நினைத்தேன். மூன்று ஆட்டோ வைத்து நாற்பதையும் எடுத்துப்போனார். ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கோபம். அடுத்த வாரமே அந்த அலமாரியில் விளையாட்டுக் கோப்பைகளை அடுக்கிவிட்டார்கள். ஸ்ரீவராகத்தில் நாற்பதும் அண்டாவில் ஊறின. நான் ஓடினேன். வாசலில் அண்ணாதான் நின்றார். "நீர்தானே அந்த ஜெராக்ஸ்காரர்? விட்டுடும் சுவாமி. எப்படியோ ஆத்துக்கு விமோசனம் வந்துது" என்று கைகூப்பினார். அந்தக் கூழிலிருந்து இந்தமுறை ஒன்றும் பிறக்கவில்லை. கல்யாண வீட்டுக் குப்பையோடு சேர்த்து அள்ளிப் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாமி அதற்குப்பின் என் கடைப் பக்கம் வரவில்லை. எதிர்ச் சாரியில் பஸ்ஸுக்கு நிற்பார். நான் கையைத் தூக்கினால் அவரும் தூக்குவார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அல்ல. வேறு கடையில் நகலெடுக்கிறாரோ என்று விசாரித்தேன். எங்கும் எடுக்கவில்லை. பென்சிலே தொடவில்லை என்று அவர் அலுவலகத்து ஆள் ஒருவர் சொன்னார்.

ஆறேழு வருஷம் போயிற்று. மாமி ரிட்டயர் ஆகிவிட்டார். நான் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் வைத்தேன். அப்போதுதான் தோன்றியது. இனி நடுவில் நான் எதற்கு? உலகத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டிவிடலாம். இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினேன். எனக்குப் புரிந்தது, புரியாதது, ஒன்றையொன்று மறுப்பது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் வந்தது. ஒரு பக்கம் விடவில்லை. இதைவிட எப்படி ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்க முடியும்?

அண்ணா மருமகள் கதவைத் திறந்தாள். மாமி சாமான் அறை வாசலில் கட்டிலில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். "வாங்கோ பிள்ளைவாள்" என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி. காப்பி வந்தது. என் பிள்ளைகளை விசாரித்தார். கட்டை அவர் மடியில் வைத்தேன்.

"எல்லாம் இருக்கு மாமி. இந்தத் தடவை ஒண்ணையும் விடல்ல. இதுல பாருங்க, நாலு சிறகு உள்ள ஒண்ணு கிடைச்சிருக்கு. கையில ரெண்டு, காலுல ரெண்டு."

"அப்படியா?"

"படம் இருக்கு மாமி, கல்லுல. கண்ணாடி போட்டுப் பாருங்க."

கண்ணாடி பக்கத்திலேயே, திரிச் சுருளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. முந்நூறு பக்கத்தையும் ஓரம் சீராகத் தட்டி அடுக்கி, கட்டிலுக்கடியில் வைத்தார். பொய்ப் படத்தைக் காட்டியாவது அவரைக் கோபப்படுத்தலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"காலுல சிறகாம் மாமி!" என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே கெஞ்சல் மாதிரி கேட்டது.

மாமி பஞ்சைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"நீங்க சொன்னா சரி, பிள்ளைவாள்" என்றார். "காப்பி ஆறிடறது, குடியுங்கோ."